பூஜ்யத்துக்குப் பல் ஏது?

மறுநாள் பள்ளிச் சீருடைகளைத் தைத்துக் கொடுத்தாக வேண்டும். அம்மா வெட்டு மேசையை விட்டு நகரவில்லை. அதனால் பாபினில் நூல் சுற்றும் வேலை அப்பா தலையிலும் மகள் தலையிலும் விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை மாலை. ஜன்னலோரத்துத் தையல் இயந்திரத்தின் முன் அப்பா முக்காலியில் உட்கார்ந்திருந்தார். மகள் நூல்கண்டைப் பென்சிலில் செருகிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"இழுத்துப் பிடி. தொளதொளன்னு சுத்தினா உங்கம்மா என்னைத்தான் திட்டுவா."

"பிடிச்சுட்டுத்தான்ப்பா இருக்கேன். நீங்க கொஞ்சம் மெதுவாச் சுத்துங்க."

"ரெண்டு பேரும் வாயால சுத்தாம கையால சுத்துங்க" என்றாள் அம்மா, உதடுகளுக்கிடையே குண்டூசிகளோடு.

பாபின் சுற்றும்போது கைச்சக்கரத்தின் நடுவிலுள்ள திருகைத் தளர்த்திவிட வேண்டும். அப்போதுதான் சக்கரம் தனியாகச் சுழலும். ஊசி வீணாகக் குதிக்காது. அப்பா இதை வாழ்நாளெல்லாம் செய்திருக்கிறார். நீல நூல் ஒரு பாபின் நிரம்பியது. வெள்ளை பாதி நிரம்பியபோது அவர் கை நின்றது. சக்கரத்தை ஒரு சுற்று சுற்றினார், ஊசியைப் பார்த்தார். மூன்று சுற்று சுற்றினார், மறுபடி ஊசியைப் பார்த்தார். பிறகு தொடையில் தட்டிக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார்.

"என்னப்பா?"

"ஒரு சுத்து சுத்தினாலும் ஊசிக்குப் பூஜ்யம். அம்பது சுத்து சுத்தினாலும் பூஜ்யம். பூஜ்யம் மடங்கு! என் கண்ணு முன்னாலயே இருந்திருக்கு, கழுதை."

"மனுஷங்களுக்குப் புரியற மாதிரி பேசுங்க" என்றாள் அம்மா.

"எதிர்க்கடைத் தராசுக்காரன் ஜெயிச்சுட்டான். நாளைக்குக் காலைல மொத வேலையா அவன் கடைக்குப் போய் 'தோத்துட்டேன்டா'ன்னு சொல்லிட்டு வரணும்."

அம்மா குண்டூசிகளை ஒவ்வொன்றாக வாயிலிருந்து எடுத்தாள். "நீங்களா? தோத்துட்டேன்னா?"

"நானேதான்."

"நெத்தியைத் தொட்டுப் பாருடி. காய்ச்சல் அடிக்குதா பாரு."

காய்ச்சல் இல்லை. மீதி வெள்ளையையும் சுற்றி முடித்தார்கள். திருகை அப்பாவே இறுக்கினார். தந்தையும் மகளும் சேர்ந்து செய்த கடைசி வேலை அது. காலையில் அவர் எழுந்திருக்கவில்லை. தூக்கத்திலேயே இதயம் நின்றுவிட்டது என்று மருத்துவர் சொன்னார்.

அப்பாவைத் தெருவில் எல்லோரும் பல்லுக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். நூல் சுற்றும் இயந்திரங்களுக்குப் பற்சக்கரம் வெட்டிப் பொருத்துவது அவர் தொழில். வாசலில் தொங்கிய பலகையில் பெரிய சக்கரம் ஒன்றின் படமும் 'பல் வெட்டித் தரப்படும்' என்ற எழுத்தும் இருந்தன. ஒருநாள் ஒரு பெரியவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்து உட்கார்ந்தே விட்டார். அப்பா அவரைத் துரத்தவில்லை. குடிக்க வெந்நீர் கொடுத்து, மூன்று தெரு தள்ளி இருந்த பல் மருத்துவரிடம் தானே கூட்டிக்கொண்டு போனார். திரும்பி வந்து, "அவரு பல்லைப் பிடுங்கறாரு, நான் பல்லை வைக்கறேன். எது நல்ல தொழில், நீயே சொல்லு" என்று அம்மாவிடம் கேட்டார்.

அம்மாவைச் சந்தித்ததும் பட்டறையில்தான். தையல் இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு பழுது பார்க்க வந்தாள். அது சரியானதும், மறுபடி ஏதாவது கெடுமா என்று அப்பா காத்திருந்தாராம். கெடவில்லை. "நல்லா வேலை செஞ்சது என் தப்பு" என்பார். கடைசியில் அவளே ஒருநாள் எந்தப் பழுதும் இல்லாத இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

அவருக்கு அதிகம் வேண்டியிருக்கவில்லை. பட்டறை, வீடு, சட்டைப் பையில் ஒரு துண்டு சாக்பீஸ், எதிர்க்கடையில் தராசுக்காரர். இவ்வளவும் இருந்தது. பெரிய ஆலை ஒன்றில் மேற்பார்வையாளர் வேலைக்குக் கூப்பிட்டபோது, "அங்க எதிர்ல யார் கடை?" என்று கேட்டார். சுவர்தான் என்றார்கள். போகவில்லை.

தராசுக்காரர் தராசு பழுது பார்ப்பவர், எடைக்கல் சரிபார்ப்பவர். குள்ளமாக இருப்பார். ரகசியம் பேசினாலும் தெருக்கோடி வரை கேட்கும். அவருக்கும் அப்பாவுக்கும் சண்டை தொடங்கியது மகள் பிறப்பதற்கு முன்னால். கல்லா, சக்கரமா, எதற்குப் புத்தி அதிகம் வேண்டும் என்பதுதான் விவகாரம்.

தராசுக்காரர் தன் மரப்பெட்டியைக் கொண்டுவந்து காட்டினார். அதில் ஆறு குழிகள். ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு, பதினாறு, முப்பத்திரண்டு. குழிக்கு ஒரே அளவில் இரண்டு கற்கள்.

"இதுல எந்த ரெண்டை வேணா தட்டுல வை. ஒரு ஜோடிக்கு வர்ற எடை இன்னொரு ஜோடிக்கு வராது. இருபத்தோரு ஜோடி, இருபத்தோரு எடை. ஒண்ணுகூட வீண் இல்ல. உன் சக்கரத்துல முடியுமா?"

அப்பா அந்த ஆறு எண்களையும் சாக்பீஸால் தரையில் எழுதினார். நூல் சுற்றும் இயந்திரத்தில் கைப்பிடி ஒரு சுற்று சுற்றினால் நூல் ஏறும் கதிர் எத்தனை சுற்று சுற்றும் என்பதைச் சக்கரங்கள் முடிவு செய்யும். இரண்டு மடங்கு சக்கர அடுக்குக்குப் பின்னால் மூன்று மடங்கு அடுக்கை வைத்தால் ஆறு மடங்கு. கல்லைக் கூட்ட வேண்டும். சக்கரத்தைப் பெருக்க வேண்டும்.

"உன் எண்ணை என் இயந்திரத்துல போட்டா என்ன ஆகும் தெரியுமா? ரெண்டு எட்டு பதினாறு. நாலு நாலு பதினாறு. ஒரு பதினாறு பதினாறு. இருபத்தோரு ஜோடி போட்டாலும் பதினோரு வேகம்தான் வரும். உதவாக்கரைப் பெட்டிடா இது."

"அப்ப உன் பெட்டியைக் காட்டு."

அப்பா ஒன்று முதல் ஆறு வரை எழுதினார். பெருக்கினால் பதினெட்டு வெவ்வேறு வேகங்கள். தராசுக்காரர் குனிந்து பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஒண்ணும் ஆறும் ஏழு. ரெண்டும் அஞ்சும் ஏழு. மூணும் நாலும் ஏழு. என் தட்டுல இது பதினோரு எடைதான் கொடுக்கும். யாருடா உதவாக்கரை?"

இருவரும் இரண்டு வரிசைகளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். ஒரு தொழிலில் சூரனாக இருக்கும் எண்கூட்டம் இன்னொன்றில் தத்தியாக இருக்கிறது. அப்படியானால் இரண்டிலும் தத்தியான கூட்டம் உண்டா? அங்கேதான் போட்டி பிறந்தது. ஆறு வெவ்வேறு எண்கள். முழு எண்களாக இருக்க வேண்டும். மைனஸ் கூடாது, எதிர்த் தட்டில் கல் வைப்பது ஏமாற்று, சக்கரத்தைத் திருப்பிச் சுற்றுவதும் ஏமாற்று. ஜோடி ஜோடியாகக் கூட்டினால் எத்தனை வெவ்வேறு விடை, பெருக்கினால் எத்தனை வெவ்வேறு விடை என்று எண்ண வேண்டும். இரண்டில் எது பெரியதோ அதுதான் கணக்கு. யாருடையது சின்னதோ அவர் ஜெயித்தவர். உதவாக்கரைப் போட்டி என்று அம்மா பெயர் வைத்தாள். போட்டிக்கா, போட்டியாளர்களுக்கா என்று அவள் விளக்கவில்லை.

தராசுக்காரர் பதினாறு வரை இறக்கினார். அப்பா ஒருநாள் சமையலறைச் சுவர் ஓட்டில் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஆறு, எட்டு என்று எழுதி எண்ணினார். கூட்டினால் பதிமூன்று. பெருக்கினால் பதினைந்து. ஆக, பதினைந்து. கையில் அரைத்த மாவோடு நின்ற அம்மாவைத் தூக்கிச் சுற்றினார். அந்த எழுத்தை வருஷக்கணக்கில் யாரும் துடைக்கக் கூடாது என்று உத்தரவு. அம்மா தினமும் அதைச் சுற்றித் துடைத்தாள்.

மகள் வளர்ந்தது இந்தச் சத்தத்துக்கு நடுவில். வாய்ப்பாடு அவளுக்குப் பள்ளிக்கூடத்துக்கு முன்பே தெருவில் வந்துவிட்டது. பிறகு பொறியியல் படித்தாள்; நகரத் தண்ணீர்க் குழாய்களில் அழுத்தத்தைக் கணிக்கும் நிரல்கள் எழுதும் வேலைக்குப் போனாள். முதல் வேலை போய்விட்டது. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டாள். அப்பா கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து பேசினார்.

"நான் எதுக்கும் லாயக்கில்லப்பா."

"அப்படிச் சுலபமாச் சொல்லிடாதே தங்கம். எல்லாத்துலயும் உதவாக்கரையா இருக்கறது ரொம்பக் கஷ்டம். நானும் தராசுக்கார மாமாவும் எத்தனை வருஷமாத் தேடறோம், ஒண்ணுகூட மாட்டலை."

அவள் கதவைத் திறந்தாள். சிரிப்பு வந்துவிட்டது, அதற்காகத்தான்.

பூஜ்யம் வந்தது ஒரு மழை நாளில். தராசுக்காரர் குடையை மடக்காமலேயே பட்டறைக்குள் வந்தார். நிலைப்படியில் குடை மாட்டிக்கொண்டது, அதை அங்கேயே விட்டுவிட்டு, "பதிமூணு!" என்று கத்தினார்.

அப்பா இயந்திரத்தை நிறுத்தினார். "எழுது."

தராசுக்காரர் எழுதினார். பூஜ்யம், ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஆறு. கூட்டினால் பன்னிரண்டு. பெருக்கினால் பதிமூன்று. பூஜ்யத்தை எதோடு பெருக்கினாலும் பூஜ்யம். ஆறு ஜோடிகளை ஒரே வாயில் விழுங்கிவிட்டது. அப்பா இரண்டு தடவை எண்ணினார். எண்ணிக்கை சரி. முகம் சிவந்தது.

"என் எட்டைத் தூக்கிட்டு ஒரு ஓட்டையை வச்சிருக்கே."

"விதியில என்ன சொன்னோம்? முழு எண். மைனஸ் கூடாது. பூஜ்யம் மைனஸா?"

"எந்தக் கடையிலடா பூஜ்யம் எடைன்னு கல்லு விக்கறான்?"

"கல்லு எதுக்கு? காலித் தட்டு. தினம் கடையைத் திறந்ததும் நான் மொதல்ல பாக்கறதே அதைத்தான். காலித் தட்டு நேரா நிக்கலேன்னா அப்புறம் வைக்கற கல்லெல்லாம் பொய்."

"தட்டுக்குச் சரி. சக்கரத்துக்கு? பூஜ்யம் மடங்குன்னா ஓட்டற சக்கரத்துல ஒரு பல்லுகூட இருக்கக் கூடாது. பூஜ்யத்துக்குப் பல் ஏது? பல்லு இல்லாதது சக்கரமே இல்ல, வளையம். அதை உன் பொண்டாட்டி கையில மாட்டு."

அப்பா கோபப்பட்டு மகள் பார்த்தது அந்த ஒரு விஷயத்தில் மட்டும்தான். பேச்சு நிற்கவில்லை, சாப்பாடு, நல்லது கெட்டது எல்லாம் முன்போலவே நடந்தன. ஆனால் அன்றிலிருந்து காலை வணக்கம் மாறிவிட்டது. கடையைத் திறக்கும்போது அப்பா தெருவுக்குக் குறுக்கே "பதினஞ்சு!" என்பார். எதிரிலிருந்து "பதிமூணு!" என்று வரும். தபால்காரர் முதலில் ஏதோ விலை என்று நினைத்தாராம்.

மகள் ஒருமுறை நிரல் எழுதிப் பார்த்தாள். நூறு வரையுள்ள எண்களில் எந்த ஆறை எடுத்தாலும், பூஜ்யம் இல்லாமல் பதினைந்துக்குக் கீழே எதுவும் வரவில்லை. அப்பாவிடம் சொன்னாள். அவர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

"பூஜ்யத்தையும் சேர்த்தா பதிமூணுப்பா. அதுக்குக் கீழே இல்ல."

"நான் கேக்கலையே."

பெரிய பெரிய கணித மேதைகளும் இதே கேள்வியோடுதான் மல்லுக்கட்டுகிறார்கள் என்று அவள் எங்கோ படித்ததைச் சொன்னாள். ஆறு எண்ணுக்குப் பதில் லட்சம் எண் எடுத்தாலும், கூட்டலோ பெருக்கலோ ஏதாவது ஒன்று கட்டாயம் ஊதிப் பெருக்கும். எவ்வளவு ஊதும் என்று ஊகம் இருக்கிறது, முழு நிரூபணம் இன்னும் இல்லை.

"ஏன் இன்னும் முடிக்கலை?"

"ரொம்பக் கஷ்டம்ப்பா."

"கஷ்டம் இல்ல. அவங்களுக்கு எதிர்க்கடையில ஆள் இல்ல. காலைல கதவைத் திறந்ததும் ஒருத்தன் வம்புக்கு நின்னாத்தான் வேலை நடக்கும்."

அப்படிப்பட்டவர்தான் அன்று மாலை பாபின் சுற்றிக்கொண்டே தோல்வியை ஒப்புக்கொண்டார். திருகைத் தளர்த்தினால் ஒரு சக்கரம் சுழலும், அது ஓட்ட வேண்டிய ஊசி ஓடாது. பூஜ்யம் மடங்கு இயந்திரத்திலும் இருக்கிறது. தூங்கப் போகும்போதுகூட நல்ல உற்சாகத்தில் இருந்தார். "அவன் மூஞ்சியைப் பாக்கணும்" என்று இரண்டு முறை சொன்னார்.

காரியங்கள் முடிந்தன. தராசுக்காரர் எல்லாவற்றுக்கும் வந்தார், எல்லாவற்றையும் தூக்கினார், ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் பேசாமல் இருந்ததைத்தான் தெரு அதிகம் கவனித்தது. அம்மா சீருடைகளை முடித்துக் கொடுத்துவிட்டாள். கை சும்மா இருந்தால் தாங்காது என்றாள்.

ஒரு நாள் மதியம் அவள்தான் கேட்டாள். "அவர்கிட்டச் சொன்னியா?"

"இல்லம்மா."

"போய்ச் சொல்லு. அந்த மனுஷன் எத்தனை வருஷமா அதுக்குக் காத்துட்டிருந்தாரு. நான் போனா அழுதுடுவேன்."

மகள் தெருவைக் கடந்தாள். தராசுக்காரர் ஒரு பித்தளைத் தட்டைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் முக்காலியை நகர்த்திப் போட்டார்.

"உக்காரு பாப்பா. அம்மா சாப்பிட்டாளா?"

"சாப்பிட்டாங்க மாமா. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அப்பா சொல்லணும்னு இருந்தது."

தேய்த்த கை நின்றது. அவள் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை மாலை, பாபின், திருகு, நின்ற ஊசி, தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தது, 'தோத்துட்டேன்டா' என்று சொல்லிவிட்டு வர வேண்டும் என்றது. வரிசையாக, குறைக்காமல், கூட்டாமல் சொன்னாள். வேலையிடத்தில் பழுதறிக்கை கொடுப்பது போலத்தான் அவளுக்குச் சொல்ல வந்தது. கடைசியில், "நீங்கதான் ஜெயிச்சீங்க மாமா. பதிமூணு" என்றாள்.

தராசுக்காரர் தட்டைத் திருப்பிப் பார்த்தார். அதில் அழுக்கு எதுவும் மிச்சமில்லை. மறுபடி தேய்த்தார்.

"திருகைத் தளர்த்தினா ஊசி நின்னுது."

"ஆமா."

"அப்ப ஊசியை ஓட்டற சக்கரம் எது?"

"அது... தொடர்பு விட்டுப்போயிடும் மாமா."

"விட்டுப்போச்சுல்ல? அப்ப அங்க சக்கரம் எங்க இருக்கு? கழட்டி வச்சதைக் கணக்குல சேப்பாங்களா? பூஜ்யம் மடங்குன்னா பூட்டியிருக்கணும், பூட்டியிருந்தும் ஓடக் கூடாது. இது பூட்டவே இல்ல. இது செல்லாது பாப்பா."

மகள் அவரையே பார்த்தாள். "மாமா, நீங்க யார் கட்சி?"

"நான் ஞாயத்தைச் சொல்றேன்."

"பூஜ்யத்தைக் கொண்டுவந்ததே நீங்கதானே! அப்பாவே ஒத்துக்கிட்டாரு."

"ஞாயித்துக்கிழமை ஒத்துக்கிட்டிருப்பான். தூங்கி எழுந்தா அவனுக்கே இது தோணியிருக்கும். தெருவுல பாதி தூரம் வந்து, 'அடச்சே, அது பூட்டாத சக்கரம்'னு திரும்பிப் போயிருப்பான். எனக்குத் தெரியாதா அவனை?" அவர் குரல் பழைய உயரத்துக்கு ஏறிவிட்டது. பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனார். "உன்னை அனுப்பிச்சா ஆச்சா? போட்டி போட்டது நீயா? அவன் வந்து, இங்க நின்னு, என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லணும். அது வரைக்கும் பதினஞ்சுதான்."

"மாமா..."

"பதினஞ்சுதான்."

அவள் முக்காலியில் உட்கார்ந்தபடியே சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தாள். பூஜ்யம் மடங்கு ஏன் செல்லும் என்று அவள் இரண்டு காரணம் சொன்னாள். அவர் இரண்டையும் அடித்துப் போட்டார். மூன்றாவதைக் கேட்டதும் கொஞ்சம் யோசித்தார். பிறகு அதையும் அடித்துப் போட்டார். அப்பா என்னவெல்லாம் சொல்லியிருப்பாரோ அத்தனையும் அவருக்கு மனப்பாடமாக இருந்தது. வாடிக்கையாளர் ஒருவர் தராசோடு வந்து நிற்கும் வரை இது நடந்தது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டாள். "சொல்லிட்டியா? என்ன சொன்னாரு?"

"சொன்னேன். வாங்கிக்க மாட்டேங்கறாரு. அப்பாவே நேர்ல வந்து சொல்லணுமாம்."

"திமிரைப் பாரு" என்றாள் அம்மா. அவள் குரலில் நெடுநாள் கழித்து ஒரு நிறைவு இருந்தது.

அப்பா வேறு எந்த வேலையையும் பாதியில் விட்டுப் போகவில்லை. பட்டறையில் இருந்த சக்கரங்கள் எல்லாம் பல் வெட்டி முடித்தவை. உரியவர்கள் வந்து எடுத்துக்கொண்டார்கள். எதிர்க்கடைக்குப் போய், தோற்றுவிட்டேன் என்று சொல்லிவிட்டு வருவது மட்டும் பாக்கி.